இலைப்படத்தில் மக்கள் எங்கே?

பல வருஷங்களுக்கு முன், ஒரு தொழிற்சங்கக் கட்டிடத்தின் மாடியில் நண்பர் ஒருவர் தான் எடுத்த புகைப்படங்களைக் கயிறு கட்டி க்ளிப்பில் தொங்கவிட்டிருந்தார். பாதிப் படங்கள் மறியல், ஊர்வலம், பேருந்து நிலையத் திண்ணை. மீதிப் பாதி இலைகள். விடிகாலை வெளிச்சத்தில் மிகக் கிட்டத்தில் போய் எடுத்த பூவரசு, எருக்கு, சேம்பு. வந்திருந்த தோழர் ஒருவர் மறியல் படங்களுக்குத் தலையசைத்துவிட்டு இலைகளுக்கு முன்னால் வந்து நின்றார். "எல்லாம் சரி தோழர், இதுல மக்கள் எங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானுந்தான். நண்பர் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவர் இலைப்படங்களை வெளியே வைத்து நான் பார்த்ததில்லை.

கேள்வி நியாயமானது. கோளாறு எங்கள் சிரிப்பில் இருந்தது. இலைப்படம் என்றாலே நடுத்தர வர்க்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, வங்கிக் காலண்டர் சமாச்சாரம் என்று முன்முடிவு செய்துகொண்டு, பதிலைத் தேடாமலே கீழே டீ குடிக்க இறங்கிவிட்டோம். புகைப்படம் என்ற சாதனத்தின் பிறப்பிலேயே இலை இருக்கிறது. தெருவும் ஆலையும் ஊர்வலமும் அதற்குள் பின்னால் வந்து சேர்ந்தவை. அந்த இலைகளைச் சுற்றி மக்களும் இருந்தார்கள். சட்டகத்தின் விளிம்பு அவர்களை எப்படி வெட்டிக் கழித்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. தோழரின் கேள்வியைத் தாமதமாகவேனும் அந்த வரலாற்றிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

முதல் இலைகளுக்குக் காமிரா தேவைப்படவில்லை. இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் லேகாக் ஆபி என்ற பரம்பரை மாளிகையின் சொந்தக்காரரான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், 1834 வாக்கில், உப்புக்கரைசலிலும் வெள்ளி நைட்ரேட்டிலும் தோய்த்த தாள்மீது இலையை வைத்து, மேலே கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டினார். வெயில் பட்ட இடம் கறுத்தது. இலை மறைத்த இடம் வெளுப்பாக நின்றது. இலையின் மெல்லிய பகுதிகள் வழியே கசிந்த வெளிச்சம் நரம்புகளைப் பிரித்துக் காட்டியது. 1839 ஜனவரியில் பாரிஸில் டாகேரின் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டதும், டால்பட் பதறிப்போய் அதே மாதக் கடைசியில் தன் படங்களை லண்டனில் காட்டுகிறார். 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட 'இயற்கையின் எழுதுகோல்' நூலின் 24 படங்களில் ஏழாவது, ஒரே ஒரு இலை.

நூலின் பெயரைக் கவனிக்க வேண்டும். எழுதுகோல் இயற்கையினுடையது. மனிதக் கை இடையில் வரவில்லை, ஒளி தன்னைத்தானே வரைந்துகொண்டது என்பதே டால்பட் கட்டமைத்த சொல்லாடல். கருத்தியல் என்பது வரலாற்றை இயற்கையாக்கிக் காட்டுவது என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடைக்காது. அதே டால்பட் தன்னுடைய மேம்பட்ட கலோடைப் முறைக்கு 1841-ல் காப்புரிமை வாங்கிவைத்துக்கொண்டார். வரைவது இயற்கை, காசு டால்பட்டுக்கு.

கை இல்லை என்று சொன்னதன் பலனைப் பெண்கள் அனுபவித்தார்கள். 2008-ல் சோத்பி ஏல நிறுவனத்தில் ஓர் இலைப்படம் விற்பனைக்கு வந்தது. யார் எடுத்தது என்று தெரியாத படம். ஓரத்தில் ஓர் எழுத்து மட்டும். புகைப்பட வரலாற்றாசிரியர் லாரி ஷாஃப், இது டால்பட்டுக்கும் ஒரு தலைமுறை முந்தைய தாமஸ் வெட்ஜ்வுட்டின் சோதனையாகவும் இருக்கக்கூடும் என்று சொல்லப்போக, உலகத்தின் முதல் புகைப்படமோ என்று பெரிய பரபரப்பு. ஏலம் நிறுத்தப்பட்டது. பிறகு 2015-ல் அதே ஷாஃப், அதை எடுத்தவர் சாரா ஆன் பிரைட் என்ற பெண், வருஷம் 1839 என்ற முடிவுக்கு வந்தார். இத்தனை காலம் வெட்ஜ்வுட், டால்பட் என்று ஆண் பெயர்களாகவே அந்த இலைமேல் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்னா அட்கின்ஸின் கதை இன்னும் சிக்கலானது. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். 1842-ல் ஜான் ஹெர்ஷல் இரும்பு உப்புகளைக் கொண்டு, வெள்ளி இல்லாமல், வெறும் தண்ணீரில் கழுவினாலே நிலைத்துவிடும் நீலப் படமுறையைக் கண்டுபிடித்தார். (பின்னாளில் பொறியாளர்கள் கட்டிட வரைபடங்களைப் பிரதி எடுத்த ப்ளூ பிரிண்ட் இதேதான். பெரணி இலைக்கும் அணைக்கட்டுக்கும் ஒரே நீலம்.) அடுத்த வருஷமே அட்கின்ஸ் அந்த முறையில் கடற்பாசிகளைப் படமாக்கிப் புத்தகமாக வெளியிடத் தொடங்குகிறார். புகைப்படங்களால் ஆன முதல் புத்தகம் என்று அதைச் சொல்வது வழக்கம். அச்சகம் கிடையாது. ஒவ்வொரு பிரதியின் ஒவ்வொரு பக்கத்தையும் வெயிலில் வைத்து எடுத்தார். பத்து வருஷ வேலை. லண்டன் ராயல் சொசைட்டி பெண்களை உறுப்பினர்களாக ஏற்றுக்கொண்டது 1945-ல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த நீலப் பக்கங்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருத்தியின் அறிவியல். இதுவரை சரி. பெண்ணிய வாசிப்பு பெரும்பாலும் இங்கே வந்து நின்றுவிடுகிறது.

1853-ல் அட்கின்ஸும் அவருடைய தோழி ஆன் டிக்சனும் சேர்ந்து பெரணிகளின் தொகுப்பு ஒன்றைச் செய்தார்கள். அதில் பிரிட்டிஷ் பெரணிகளும் உண்டு, அயல்நாட்டுப் பெரணிகளும் உண்டு. சில படங்களின் கீழே லத்தீன் பெயருக்கு அடுத்து ஒரே ஒரு சொல் எழுதியிருக்கும்: ஜமைக்கா. அட்கின்ஸின் மாமனார் ஜான் அட்கின்ஸ் மேற்கிந்தியத் தீவுகளோடு வாணிபம் செய்தவர். 1818-ல் லண்டன் மாநகரத்தின் மேயர். மேற்கிந்திய வாணிபம் என்றால் கரும்பு. கரும்பு என்றால் அடிமை உழைப்பு. 1833-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் போட்டபோது நஷ்டஈடாக ஒதுக்கியது 2 கோடி பவுண்டு. அது போனது முதலாளிகளுக்கு. விடுதலையானவர்கள் 1838 வரை 'பயிற்சித் தொழிலாளி' என்ற பெயரில் அதே தோட்டங்களில் கட்டுண்டு கிடந்தார்கள். அது முடிந்து பதினைந்தே வருஷத்தில் எடுத்த படங்கள் இவை. ஜமைக்காவிலிருந்து சர்க்கரையும் பெரணியும் ஒரே கடல்வழியில்தான் இங்கிலாந்துக்கு வந்தன. அந்த நீலத்தின் அழகில் நான் இன்றைக்கும் சொக்கிப் போகிறேன், அதை ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் மக்கள் எங்கே என்று கேட்டால், அந்த ஊர்ப்பெயரில் இருக்கிறார்கள்.

இனி பெர்லின். கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட் 1865-ல் ஹார்ஸ் மலைப்பகுதியில் பிறந்தவர். படிப்பாளி அல்ல, இரும்பு வார்ப்பாலையில் அச்சு செய்யப் பழகிய கைவினைஞர். ரோம் நகரத்தில் மோரிட்ஸ் மாய்ரர் என்பவரிடம் உதவியாளராகச் சேர்ந்து, அலங்கார வேலை கற்பிப்பதற்காகச் செடிகளைச் சேகரிப்பது, வார்ப்பெடுப்பது என்று இருந்தவர். பிறகு பெர்லின் கைவினைக் கலைப்பள்ளியில் ஆசிரியர். உயிருள்ள செடியைப் பார்த்து வார்க்கச் சொல்லிக் கொடுப்பதுதான் பாடம். மாணவர்கள் எல்லோருக்கும் செடி தெரிய வேண்டுமே, அதற்காகத்தான் படம் எடுத்தார். தானே செய்த காமிரா. சாதாரணப் பின்னணி அட்டை. இயல்பான அளவைவிடச் சில மடங்கிலிருந்து முப்பது மடங்குவரை பெரிதாக்கிய படங்கள். தாவரவியல் பூங்காவின் அபூர்வச் செடிகளைத் தேடிப் போனவரில்லை. ரயில் பாதை மேட்டிலும் சாலை ஓரத்திலும் முளைத்த களைகளே போதுமானதாக இருந்தன. முப்பது வருஷம் இப்படியே ஓடியது. ஆயிரக்கணக்கில் படங்கள் சேர்ந்தன. தான் கலைஞன் என்று அவர் சொல்லிக்கொண்டதாகத் தெரியவில்லை.

1926-ல் கார்ல் நியரண்டோர்ஃப் என்ற கலைக்கூட உரிமையாளர் இவற்றைச் சுவரில் மாட்டினார். 1928-ல் 'கலையின் மூல வடிவங்கள்' என்ற தலைப்பில் 120 படங்களோடு புத்தகம் வந்தது. பாடசாலையில் தொங்கிய படம் ஒரே நாளில் கலைப்படைப்பு. அறுபத்து மூன்று வயதில் ப்ளாஸ்ஃபெல்டுக்குப் புகழ். நாலு வருஷத்தில், 1932-ல், சாவு.

இந்தப் படங்களை 'இயற்கைப் புகைப்படம்' என்று சொல்வதே தவறு என்று நினைக்கிறேன். செடியைப் பிடுங்கி, வேண்டாத இலைகளைக் கிள்ளி, வடிவம் துலங்கும்படி நறுக்கி, மண்ணையும் பூச்சியையும் நீக்கி, காற்றில்லாத அறையில் நிறுத்தி எடுத்தவை. சுருண்ட பெரணிக் குருத்து பிஷப்பின் செங்கோலாகவும், குதிரைவால் செடியின் தண்டு கோயில் தூணாகவும் தெரிகிறது. அப்படித் தெரிய வேண்டும் என்பதே ஏற்பாடு. இரும்பு வேலி வார்க்கிறவனும் மரம் செதுக்குகிறவனும் பார்த்துச் செய்ய வேண்டிய மாதிரிகள் இவை. ஆக, இங்கே மக்கள் எங்கே? படத்துக்கு முன்னால், பட்டறையில், கையில் களிமண்ணோடு உட்கார்ந்திருக்கிறார்கள். புத்தகமாகி வரவேற்பறை மேசைக்கு வந்தபோதுதான் அவர்கள் காணாமல் போனார்கள்.

1928 நவம்பரில் வால்டர் பெஞ்சமின் இந்தப் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதினார். கொண்டாடினார். 1931-ல் எழுதிய 'புகைப்படத்தின் சிறு வரலாறு' கட்டுரையிலும் ப்ளாஸ்ஃபெல்ட் வருகிறார். வெறும் கண்ணுக்கு எட்டாததைக் காமிரா எட்டுகிறது; உளப்பகுப்பாய்வு உள்ளுணர்ச்சிகளின் நனவிலியைத் திறந்ததுபோல் புகைப்படம் பார்வையின் நனவிலியைத் திறக்கிறது என்ற புகழ்பெற்ற கருத்துக்கு அவர் கொடுக்கும் உதாரணங்களில் இந்தச் செடிகளும் அடக்கம். அதே கட்டுரையில், சில பக்கம் தள்ளி, இன்னொரு புத்தகத்தின் தலைப்பை எடுத்துவைத்துக்கொண்டு அடிக்கிறார். ஆல்பெர்ட் ரெங்கர்-பாட்ஷின் 'உலகம் அழகானது'. அதுவும் 1928-ல் வந்தது, 100 படங்கள். செடி, விலங்கு, இயந்திரம், ஆலைப் புகைபோக்கி எல்லாம் ஒரே மினுமினுப்பில். எந்தப் பொருளையும் பிரபஞ்ச அழகாக்கத் தெரிந்த இந்தக் காமிராவுக்கு, அந்தப் பொருள் நிற்கும் மனித உறவுகளில் ஒன்றையாவது காட்டத் தெரியாது என்பது பெஞ்சமினின் குற்றச்சாட்டு. க்ரூப் ஆலையின் படத்தைப் பார்த்து அந்த ஆலையைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள முடியாது என்ற பிரெக்ட்டின் வாதத்தையும் துணைக்கு அழைக்கிறார்.

நம் ஆட்கள் இந்த இரண்டாவது பகுதியை மட்டும் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். ஒரே கட்டுரையில் ஓர் இலைக்குப் பாராட்டு, இன்னொன்றுக்குச் சாட்டையடி எப்படி வந்தது? பொருளை வைத்து அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. ப்ளாஸ்ஃபெல்டின் இலை பார்ப்பவனை வேலை வாங்குகிறது. இது என்ன, தூணா தண்டா, என்று யோசிக்க வைக்கிறது. மற்றது, யோசிக்க ஒன்றுமில்லை, அழகாக இருக்கிறது, போதும், என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுகிறது. ஆனால் பெஞ்சமின் இரண்டு பேருக்கும் முழு நியாயம் செய்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. ரெங்கர்-பாட்ஷ் தன் புத்தகத்துக்கு வைக்க நினைத்த பெயர் 'பொருள்கள்'. வெறும் பொருள்கள். 'உலகம் அழகானது' என்பது விற்பனைக்காகப் பதிப்பாளர் தரப்பு ஒட்டிய தலைப்பு. அதற்கான அடி முழுக்கப் படமெடுத்தவன் முதுகில் விழுந்துவிட்டது.

1929-ல் பாரிஸில் ஜார்ஜ் பத்தாய் தன்னுடைய 'டாக்குமான்' இதழில் ப்ளாஸ்ஃபெல்டின் படங்களையே போட்டு, நேர்மாறாக ஒன்றை எழுதினார். பூவின் அழகைப் பேசுகிறவர்கள் அது வாடி அழுகுவதைப் பேசுவதில்லை, மண்ணுக்கடியில் நெளியும் வேரைப் பேசுவதில்லை என்பது அவர் எரிச்சல். இதைப் பிறகு ஓரிடத்தில் நினைவுபடுத்துகிறேன்.

'உலகம் அழகானது' என்ற வாசகம் ஜெயித்தது விளம்பரத்தில்தான். டீத்தூள் பாக்கெட்டைப் பாருங்கள். இரண்டு இலை, ஒரு மொட்டு. (தேர்தல் சின்னத்தைச் சொல்லவில்லை.) கொழுந்தின்மேல் சாய்வாக விழும் காலை வெயில், ஒரு துளி நீர், பின்னால் மங்கிய பச்சை. சட்டகம் வெட்டுகிற இடத்தைக் கவனியுங்கள்: காம்பு முடிந்து நகம் தொடங்க வேண்டிய இடம். அந்தக் காலைக்கு மலைத் தோட்டங்களில் வேறு பெயர் உண்டு, பெரட்டு. இருட்டோடு எழுந்து போய்ப் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு நிரைக்கு ஏறுகிற காலை அது. பி.எச். டேனியல் 1969-ல் வால்பாறைத் தோட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவலைத் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று படித்தவர்களுக்கு, டீ பாக்கெட்டின் பனித்துளியைப் பழையபடி பார்ப்பது கஷ்டம்.

சரி, ஏன் காலை வெளிச்சம்? நண்பர் அன்றைக்கே சொல்லியிருந்தார், நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. கவித்துவத்துக்காக இல்லை. தரை சூடேறாத நேரத்தில் காற்று அடங்கியிருக்கும். இலையை அதன் அசல் அளவுக்கே பிலிமில் விழச் செய்யும்படி கிட்டப் போனால், லென்ஸ் வழியே வரும் வெளிச்சம் கால் பங்காகக் குறைந்துபோகும். துல்லியமாகத் தெரியும் ஆழம் சில மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. மூச்சுக்காற்று பட்டாலே படம் கெட்டுவிடும். தாழ்வான சூரியன் இலைக்குப் பின்னாலிருந்து வந்தால் இலை ஒளியை வடிகட்டுகிறது. சிவப்பையும் நீலத்தையும் தனக்கு வைத்துக்கொண்டு பச்சையை நம் பக்கம் விடுகிறது. பச்சை என்பது இலை வேண்டாம் என்று தள்ளியது. இன்னொன்றையும் சொன்னார். சேம்பு இலை நுனியிலும் புல் நுனியிலும் காலையில் நிற்கும் மணிகள் பெரும்பாலும் பனித்துளியே அல்ல. இரவெல்லாம் வேர் உறிஞ்சிய தண்ணீர், அழுத்தம் தாங்காமல் இலை விளிம்பின் துளைகள் வழியே வெளியே வந்து நிற்கிறது. பத்தாய் தேடிய வேர் படத்தின் நுனியில் நின்றுகொண்டிருக்கிறது. (தண்ணீரில் கிளிசரின் கலந்து பீய்ச்சித் துளி செய்கிறவர்களும் உண்டு. அவர்கள் படத்தில் எல்லாத் துளியும் ஒரே மாதிரி அழகாக இருக்கும்.)

தமிழ் படித்தவன் என்ற முறையில் ஓர் இடைச்செருகல். திணைக் கோட்பாட்டில் இலை தனியாக வராது. மரமும் பூவும் கருப்பொருள். நிலத்தோடும் பொழுதோடும் மனிதர்களின் உரிப்பொருளோடும் கட்டப்பட்டவை. வைகறை, விடியல் யாருக்குச் சொல்லப்பட்டது? மருதத்துக்கு. பரத்தை வீட்டிலிருந்து தலைவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிற நேரம், ஊடல். காலை வெளிச்சம் புனிதமானது, களங்கமற்றது என்ற எண்ணம் நம் மரபில் எல்லா இடத்திலும் இருந்ததில்லை. இதைச் சொல்வதால் பழம்பெருமைக் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். திணைக்கும் தன் வெட்டு உண்டு. வினைவலரும் அடியோரும் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தப்பட்டதை நாம் மறக்கக் கூடாது.

மக்கள் எங்கே என்ற கேள்வியை இலைகளிடம் எங்கள் தோழர் மட்டும் கேட்கவில்லை. அமெரிக்க ராணுவமும் கேட்டது. வியட்நாம் காட்டின் மேல் பறந்த விமானங்களுக்குக் கீழே இலைகள் மட்டும் தெரிந்தன. இலைகளுக்கு அடியில் நடந்துபோன கொரில்லாக்கள் தெரியவில்லை. 1962-லிருந்து 1971 வரை, ஏறத்தாழ 2 கோடி காலன் களைக்கொல்லியை அந்த நாட்டின் காடுகள்மேலும் பயிர்கள்மேலும் தெளித்தார்கள். பீப்பாயில் ஆரஞ்சு நிறப் பட்டை அடித்திருந்ததால் ஏஜென்ட் ஆரஞ்ச் என்று பெயர். பார்ப்பதற்கு வசதியாக இலையைக் கொல்வது! ஆர்தர் கால்ஸ்டன் என்ற தாவரவியலாளர் 1943-ல் சோயாச் செடி பூப்பதைப் பற்றிய தன் ஆய்வேட்டில், குறிப்பிட்ட ஒரு ரசாயனம் அளவு மிஞ்சினால் இலைகள் உதிர்ந்துவிடும் என்று எழுதியிருந்தார். ராணுவ ஆய்வாளர்கள் அதையும் எடுத்துக்கொண்டார்கள். தெரிய வந்ததும் கால்ஸ்டன் சும்மா இருக்கவில்லை. தெளிப்பை நிறுத்தப் போராடினார்; 1970-ல் 'சூழல் படுகொலை' என்ற பொருளில் ஒரு புதிய சொல்லையே முன்வைத்தார். செடியைக் கிட்டத்தில் பார்க்கத் தெரிந்தவர் என்பதால் சேதம் என்னவென்று அவருக்குப் புரிந்தது.

மரங்களைப் பற்றிப் பேசுவது எத்தனையோ கொடுமைகளைப் பற்றிய மௌனம் என்ற பிரெக்ட்டின் புலம்பெயர்க் காலத்துச் சிந்தனையை நாங்கள் அன்று மாடியில் மனதில் வைத்திருந்தோம். அவர் அதைக் கிட்டத்தட்டக் குற்றம் என்றுதான் சொன்னார். அந்தக் 'கிட்டத்தட்ட' எங்களுக்கு ஞாபகமில்லை. நாஜி முகாமில் பெற்றோரைப் பறிகொடுத்த பால் செலான், மரத்தை இழந்த ஒற்றை இலையாக ஒரு கவிதையை பிரெக்ட்டுக்கே எழுதினார். அவர் இறந்தபிறகு 1971-ல் அது அச்சானது. வியட்நாமில் தெளிப்பு நின்ற அதே வருஷம்.

பின் டான் 1977-ல் வியட்நாமில் பிறந்தவர். குடும்பத்தோடு படகில் தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். அவர் இலையைப் படமெடுப்பதில்லை; இலையில் எடுக்கிறார். பச்சை இலைமேல் நெகடிவ்வை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் விடுவார். டால்பட் செய்த அதே வேலை, தாள் இருந்த இடத்தில் இலை. சில நாள், சில சமயம் வாரங்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் பச்சை வெளுக்கிறது, படாத இடத்தில் நிற்கிறது. போரில் செத்தவர்களின் முகங்கள், கம்போடியாவின் டுவோல் ஸ்லெங் சிறையில் கொல்லப்படுவதற்குமுன் எண் மாட்டி எடுக்கப்பட்ட கைதிகளின் முகங்கள் இலை நரம்புகளுக்கு நடுவே வருகின்றன. எல்லா இலையும் ஒத்துழைப்பதில்லை. பல காய்ந்தோ அழுகியோ வீணாகும். தேறியவற்றை ரெசினில் வார்த்து வைக்கிறார்.

போன மாதம் நண்பரிடம் இதைச் சொன்னேன். அந்த மாடிக் கூட்டத்தையும், நான் சிரித்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன். அதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எந்த இலைன்னு போட்டிருக்கா? நம்ம வெயிலுக்குச் சேம்பு தாங்காது. பூவரசு தாங்கும்னு நினைக்கிறேன்" என்றார்.